கொழும்பில் வீடு கட்டப்போகிறீர்களா? பிளான் கீறுவதற்கு முன் வளவில் நிற்கும் மரத்தைப் பாருங்கள்

கொழும்பில் ஒரு துண்டுக் காணியை வாங்கிவிட்டு, ஊர்ப் பழக்கத்தில் "மேசனைக் கூப்பிட்டு அத்திவாரத்தை வெட்டுவோம், பேப்பர் வேலையை அப்புறம் பார்ப்போம்" என்று இறங்குகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். ஊரிலும் பிரதேச சபையின் அனுமதி வேண்டும்தான். ஆனால் அங்கே பக்கத்து வீடு ஒரு வளவு தள்ளி இருக்கும். இங்கே பக்கத்து வீட்டுக் குசினி யன்னல் உங்கள் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்க்கும். மண்வெட்டி விழுந்த அன்றே யாராவது சபைக்குப் போன் எடுத்துவிடுவார்கள்.

இந்தக் கட்டுரை ஆறு பேர்ச், பத்து பேர்ச் காணியில் தங்களுக்கென்று ஒன்றோ இரண்டோ மாடி கட்டுகிறவர்களுக்கானது. தொடர்மாடி கட்டி விற்கிற ஆட்களுக்கு இது தேவைப்படாது, அவர்களிடம் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் முன் ஒன்று. கட்டட அனுமதி தருவது ஒரு கந்தோர், மரம் வெட்ட அனுமதி தருவது இன்னொரு கந்தோர். பிளான் பாஸாகிவிட்டால் வளவில் உள்ள மரத்தையும் தறிக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பாஸான பிளானில் மரம் நிற்கும் இடத்தில் படுக்கையறை கீறியிருந்தாலும், அந்த மரம் பலா மரமாக இருந்தால் பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் அதில் கத்தி வைக்க முடியாது. இந்த இரண்டு கந்தோர்களும் உங்களுக்காக ஒன்றோடொன்று பேசிக்கொள்ளப் போவதில்லை. இரண்டையும் சேர்த்து யோசிக்க வேண்டிய ஆள் நீங்கள்தான்.

உங்கள் காணி யாருக்குக் கீழே வருகிறது?

நாம் "கொழும்பு" என்று ஒரே வாயாகச் சொல்லும் இடம் பல சபைகளாகப் பிரிந்து கிடக்கிறது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கிருலப்பனை, கொட்டாஞ்சேனை, மட்டக்குளி எல்லாம் கொழும்பு மாநகர சபை. தெஹிவளைக்குள் போய்விட்டால் தெஹிவளை–கல்கிசை மாநகர சபை. ராஜகிரிய என்றால் ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டே மாநகர சபை. கொலன்னாவைக்குத் தனி நகர சபை. வத்தளை, ஹெந்தளைப் பக்கம் வாங்கியிருந்தால் மாவட்டமே வேறு, அது கம்பஹா. தபால் முகவரியை வைத்து இதை முடிவு செய்யாதீர்கள். காணியின் சோலை வரி ரசீதைப் பாருங்கள், எந்தச் சபை வரி வாங்குகிறதோ அந்தச் சபைதான் உங்கள் பிளானையும் பார்க்கும்.

மரத்துக்குப் பிரதேச செயலகம். கொழும்பு மாநகர சபை எல்லைக்குள் இரண்டு பிரதேச செயலகப் பிரிவுகள் இருக்கின்றன: கொழும்பு, திம்பிரிகஸ்யாய. கொட்டாஞ்சேனை, மட்டக்குளிக்காரர்கள் முதலாவதுக்கும், வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கிருலப்பனைக்காரர்கள் இரண்டாவதுக்கும் போக வேண்டும். உங்கள் ஜீ.எஸ். (கிராம சேவகர்) யார், அவர் எந்தெந்த நாட்களில் கந்தோரில் இருப்பார் என்பதையும் இந்தக் கட்டத்திலேயே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். மர அனுமதி அவருடைய மேசையிலிருந்துதான் தொடங்கும்.

சட்டம் என்று பார்த்தால், அனுமதி இல்லாமல் கட்டக்கூடாது என்பது இங்கே நூறு வருடத்துக்கு மேற்பட்ட விஷயம். 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் அதைத்தான் சொல்கிறது. அதன் பிறகு 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தால் நகர அபிவிருத்தி அதிகார சபை வந்தது. அதன் தலைமையகம் பத்தரமுல்ல செத்சிறிபாயவில் இருந்தாலும், சாதாரண வீடுகளுக்கான அதிகாரத்தை அது உள்ளூர்ச் சபைகளிடம் ஒப்படைத்திருக்கிறது. ஆகவே நகருக்குள் வீடு கட்டுகிறவர் டவுன் ஹோலுக்கு, அதாவது மாநகர சபைக் கந்தோருக்குப் போனால் போதும். அளவுகளுக்கான விதிகள் நீண்ட காலம் 1986ஆம் ஆண்டு வர்த்தமானியில் வந்தவையாக இருந்தன. 2021 ஜூலையில் புதிய திட்டமிடல், அபிவிருத்தி ஒழுங்குவிதிகள் வந்துவிட்டன. "எங்கட மாமா 2005இல கட்டேக்க இப்படித்தான் விட்டவர்" என்ற கதையை அதனால் நம்ப வேண்டாம்.

உறுதியும் நில அளவைப் படமும்

காணி உறுதி உங்கள் பெயரில் இருக்க வேண்டும், அல்லது உரிமையாளரின் எழுத்து மூலச் சம்மதம் இருக்க வேண்டும். வாங்கும்போதே சட்டத்தரணியைக் கொண்டு முப்பது வருட உரித்தைப் பார்த்திருப்பீர்கள். பார்க்காவிட்டால் இப்போதாவது பாருங்கள். அதோடு மாநகர சபையிடமிருந்து வீதிக்கோட்டுச் சான்றிதழையும் எடுத்துவிடுங்கள். உங்கள் காணியின் முன்பக்கத்தில் எவ்வளவை எதிர்காலத்தில் வீதி அகலிப்புக்கு எடுப்பார்கள், கட்டடம் எந்தக் கோட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும் என்பது அதில் தெரியும். கொழும்பின் பழைய ஒழுங்கைகளில் இந்தக் கோடு காணிக்குள் நன்றாகவே புகுந்து வரும். பத்து பேர்ச் என்று காசு கொடுத்தவருக்கு எட்டு பேர்ச்சில்தான் கட்ட முடியும் என்று தெரிய வருவது இந்தத் தாளில்தான்.

அடுத்தது நில அளவைப் படம். கையில் இருக்கும் படம் பழையதாக இருந்தால், உரிமம் பெற்ற சேர்வேயர் ஒருவரைக் கொண்டு புதிதாக அளந்து எடுங்கள். பெரும்பாலான படங்களில் எல்லைக் கற்களும், மதிலும், பழைய வீடு இருந்தால் அதுவும் மட்டும்தான் இருக்கும். மரம் இருக்காது, ஏனென்றால் யாரும் கேட்பதில்லை. நீங்கள் கேளுங்கள். "சேர், மரங்களையும் போட்டுத் தாங்க" என்று அளக்க வரும் அன்றே சொல்லுங்கள். ஒவ்வொரு மரத்துக்கும் நான்கு தகவல்கள் போதும்: என்ன மரம், எல்லையிலிருந்து எவ்வளவு தூரம், அடிமரத்தின் சுற்றளவு, கிளை எவ்வளவு தூரத்துக்குப் பரந்திருக்கிறது. மதிலுக்கு அந்தப் பக்கம் பக்கத்து வளவில் நின்றுகொண்டு உங்கள் பக்கம் சாயும் மரத்தையும், கேற்றுக்கு வெளியே நடைபாதையில் நிற்கும் மரத்தையும் சேர்த்துக் குறிக்கச் சொல்லுங்கள். கட்டணம் கொஞ்சம் கூடலாம். பின்னால் கட்டட அனுமதிக்கும் மர அனுமதிக்கும் இதே படத்தைத்தான் நீட்டப் போகிறீர்கள்.

பென்சிலை எடுப்பதற்கு முன் ஒரு கணக்கு

நம்மவர்கள் கணக்குப் போடுவது பேர்ச்சில், விதிகள் இருப்பது மீற்றரில். ஒரு பேர்ச் 272.25 சதுர அடி, அதாவது 25.29 சதுர மீற்றர். கட்டுவதற்கான காணி பொதுவாகக் குறைந்தது 150 சதுர மீற்றர் இருக்க வேண்டும், முகப்பு 6 மீற்றர். ஆறு பேர்ச் என்பது கிட்டத்தட்ட அந்த அளவுதான். அதற்குக் குறைந்த துண்டை "பாஸாகும் அண்ணே, பிரச்சினை இல்லை" என்று தரகர் சொன்னால், அந்தத் துண்டு எப்போது பிரிக்கப்பட்டது, பிரித்ததற்கு சபையின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முற்பணம் கொடுக்க வேண்டும்.

உதாரணத்துக்கு 30 அடி அகலம், 90 அடி நீளம் உள்ள ஒரு காணியை எடுப்போம். மொத்தம் 2700 சதுர அடி, பத்து பேர்ச்சுக்குச் சற்றுக் குறைவு. வீட்டுக்குக் காணியில் 65 வீதம்வரைதான் மூடலாம் என்பது பொது விதி. அப்படியென்றால் 1755 சதுர அடி. மீதி 945 சதுர அடி திறந்த வெளி. பின்பக்கம் இரண்டு மாடிவரை 2.3 மீற்றர், அதாவது ஏழரை அடி விட வேண்டும். அதற்கு மேல் உயர்ந்தால் 3 மீற்றர். முன்பக்கம் கட்டட எல்லைக்கோடு எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவு. பக்கவாட்டில் யன்னல் வைத்து அந்தப் பக்கத்திலிருந்து வெளிச்சமும் காற்றும் எடுக்கப் போகிறீர்கள் என்றால், அந்தப் பக்கமும் 2.3 மீற்றர் விட வேண்டும். மதிலோடு ஒட்டிக் கட்டிவிட்டு பக்கத்து வீட்டுப் பக்கம் யன்னல் திறப்பது நடக்காது. வாகனம் ஒன்றுக்குத் தரிப்பிடமும் காட்ட வேண்டும், ஏறத்தாழ 8 அடிக்கு 16 அடி.

இந்தக் கணக்கில் எனக்குப் பிடித்த இடம் அந்த 945 சதுர அடி. எப்படியும் வெறுமையாக விடத்தான் போகிறீர்கள். அந்த வெறுமையை மரம் நிற்கும் இடத்தில் விட்டால் என்ன? ஏழரை அடிப் பின்வெளி ஒரு பலா மரத்துக்குப் போதாதுதான். ஆனால் வீட்டின் பின் சுவரை நேர்கோடாகக் கீறாமல் ஒரு மூலையைப் பத்து அடி உள்ளே தள்ளினால் அதே 1755 சதுர அடியும் கிடைக்கும், மரமும் நிற்கும். மரம் படத்தில் இருந்தால் நல்ல ஆர்க்கிடெக்ட் இதை அரை மணித்தியாலத்தில் செய்து தருவார். படத்தில் இல்லாவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்? ஒரே பிளானை ஊர் முழுக்கக் கீறிக் கொடுக்கும் ஆட்களும் இருக்கிறார்கள், மலிவு. அவர்கள் காணியைப் பார்க்கவே வருவதில்லை. பிளானில் கையொப்பம் இடுகிறவர் சபை ஏற்கும் தகுதி உள்ளவர்தானா என்பதைக் காசு கொடுப்பதற்கு முன் டவுன் ஹோலில் கேட்டு உறுதிப்படுத்துங்கள். கீறியவர் ஒருவர், கையொப்பம் வேறொருவர் என்றால் பின்னால் திருத்தம் வரும்போது இரண்டு பேர் வீட்டுக்கும் அலைய வேண்டும்.

எத்தனை மாடி என்பதைக் காணி இருக்கும் வலயமும் ஒழுங்கையின் அகலமும் முடிவு செய்யும். எதிர் வீட்டுக்காரர் நான்கு மாடி வைத்திருக்கிறார் என்பது உங்களுக்கு ஒரு நியாயமாகாது. அவர் அனுமதி வாங்கித்தான் கட்டினாரா என்பது யாருக்குத் தெரியும்!

மரம்: எதை வெட்டலாம், யாரைக் கேட்க வேண்டும்

1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகிய மூன்றும் அதற்குள் வருகின்றன. சொந்த வளவில், சொந்தக் கையால் நட்ட மரமாக இருந்தாலும் அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. பெண்பனை கொழும்பில் அபூர்வம். ஈரப்பலா ஆங்காங்கே நிற்கும். பலாதான் எல்லா இடமும். பழைய வளவுகளைப் பிரித்து விற்ற காணிகளில் ஒன்றாவது நிற்கும்.

ஏன் பலாவுக்கு இந்தக் காவல் என்று வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கேட்பதுண்டு. அரிசி தட்டுப்பட்ட காலங்களில் இந்தத் தீவின் தென்மேற்கு பிழைத்தது பலாவால். பாணந்துறையைச் சேர்ந்த ஆர்தர் வீ. டயஸ் என்பவர் முதலாம் உலகப் போரை ஒட்டிய காலத்தில் நாடு முழுக்கப் பலா நடும் இயக்கத்தையே நடத்தினார். சிங்கள மக்கள் அவரை இன்றும் "கொஸ் மாமா" என்கிறார்கள், பலா மாமா. அந்த மனநிலை இன்னும் போகவில்லை. அக்கம்பக்கத்தில் நீங்கள் புதியவர் என்றால், காய்க்கும் பலா மரத்தைக் கேள்விமுறை இல்லாமல் தறிப்பது சட்டத்தை மட்டுமல்ல, ஒழுங்கை முழுவதையும் பகைக்கிற காரியம்.

அனுமதி கேட்கும் வழி இதுதான். முதலில் ஜீ.எஸ்.ஸைச் சந்தித்து விண்ணப்பப் படிவத்தை எடுங்கள். உறுதியின் பிரதி, நில அளவைப் படம், தேசிய அடையாள அட்டைப் பிரதி, எத்தனை மரம், ஒவ்வொன்றின் சுற்றளவு, ஏன் வெட்ட வேண்டும் என்பவற்றைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கட்டடத்துக்காக என்றால் பிளானின் பிரதியையும் வையுங்கள். ஜீ.எஸ். நேரில் வந்து பார்த்துச் சிபாரிசு எழுதுவார், அதன் மேல் பிரதேச செயலகம் களப்பார்வைக்கு ஆள் அனுப்பும். பிறகுதான் பிரதேச செயலாளரின் கையொப்பம். மரம் வீட்டின் மேல் சாய்ந்திருக்கிறது, அடிமரம் கோறையாகிவிட்டது, காய்ப்பு நின்றுபோய்விட்டது, கட்டடத்துக்கு வேறு இடமே இல்லை என்பவை எடுபடக்கூடிய காரணங்கள். "இலை கொட்டுது, கூட்டி முடியலை" என்பது எடுபடாது. பதிலாகக் கன்று நடச் சொன்னால் முகம் சுளிக்காமல் நடுங்கள்.

பார்க்க வருகிற உத்தியோகத்தர் என்ன பார்ப்பார் என்று தெரிந்தால் நல்லது. மரத்தைச் சுற்றி ஒரு தரம் நடப்பார். அடிமரத்தில் கத்தியின் பிடியால் தட்டிப் பார்ப்பார், கோறை என்றால் சத்தம் வேறு. மேலே காய் இருக்கிறதா என்று அண்ணாந்து பார்ப்பார். பிறகு பிளானை விரித்து, மரம் நிற்கும் இடத்தில் என்ன கீறியிருக்கிறது என்று தேடுவார். அங்கே கராஜும் பின்னால் நிறைய வெற்றிடமும் இருந்தால், "கராஜை அந்தப் பக்கம் போடலாமே" என்ற கேள்வி வரும். அதற்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும். பிளான் கீறும்போதே மரத்தைப் பற்றி யோசித்திருந்தால் பதில் இருக்கும்.

முழு மரத்தையும் வெட்டாமல் வீட்டுப் பக்கம் நீளும் கிளையை மட்டும் எடுத்தால் போதும் என்றால் அப்படியே கேளுங்கள். அது எளிதில் ஆகக்கூடியது.

வெட்டுவது ஒரு அனுமதி, பலகையை லொறியில் ஏற்றிக்கொண்டு போவது இன்னொரு அனுமதி. இதை மரம் தறிக்க வருகிற ஆட்கள் சொல்லமாட்டார்கள். பலா மரக் குற்றியோடு போகிற லொறியைப் பொலிஸ் மறித்தால் காகிதம் கேட்பார்கள். கூலிக்குப் பதிலாகக் குற்றியை எடுத்துப் போகிறோம் என்று யாராவது சொன்னால், போக்குவரத்து அனுமதி யார் பெயரில் எடுக்கப்போகிறார்கள் என்பதைப் பேசி முடித்துவிட்டு வெட்ட விடுங்கள். மா, வேம்பு, தென்னை போன்றவற்றுக்கும் ஜீ.எஸ்.ஸிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. அவருக்கும் தெரிந்து நடந்த மாதிரி இருக்கும், ஒழுங்கையில் யாராவது முறைப்பாடு செய்தாலும் அவரிடம் பதில் இருக்கும்.

நடைபாதையில் நிற்கும் மரம் வேறு கதை. அது உங்களுடையது இல்லை. வீதி மாநகர சபையுடையது என்றால் மரமும் சபையுடையது, பெரிய வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குக் கீழே வரும். உங்கள் கேற் அந்த மரத்துக்கு நேரே வருகிற மாதிரி பிளான் கீறிவிட்டு, பிறகு "மரத்தை எடுத்துத் தாங்க" என்று கேட்டால் நடப்பது கஷ்டம். கேற்றை நகர்த்துங்கள். இரவோடிரவாக அடிமரத்தில் பட்டை உரிப்பது, வேரில் எதையாவது ஊற்றுவது எல்லாம் சில ஒழுங்கைகளில் நடக்கிறது. அது குற்றம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், பட்டுப்போன மரம் எந்தப் பக்கம் விழும் என்று யாருக்குத் தெரியும்? 2023 அக்டோபர் 6ஆம் திகதி கொள்ளுப்பிட்டியில் லிபர்ட்டி பிளாசா அருகே ஓடிக்கொண்டிருந்த பஸ்ஸின் மேல் மரம் விழுந்து ஐந்து பேர் இறந்ததை இந்த நகரம் மறக்கவில்லை. வீதி மரம் ஒன்று ஆபத்தாகத் தெரிந்தால் எழுத்தில் அறிவியுங்கள், படத்தோடு. பக்கத்து வளவு மரம் ஆபத்தாக இருந்தால் முதலில் அந்த வீட்டாரிடமே பேசுங்கள். "அக்கா, இந்தக் கிளை எங்கட கூரைக்கு மேல நிக்குது, ஆளை நான் பிடிக்கிறேன், கூலியை நான் குடுக்கிறேன்" என்று சொன்னால் பத்தில் ஒன்பது பேர் சம்மதிப்பார்கள். சம்மதிக்காவிட்டால் பிரதேச செயலகத்துக்கு முறைப்பாடு.

மதில் வெடிப்பில் முளைத்திருக்கும் அரசங்கன்றைச் சின்னதிலேயே பிடுங்கிவிடுங்கள். வளர்ந்து அடியில் யாராவது விளக்கு வைத்துவிட்டால் அதற்கு மேல் எந்தக் கந்தோராலும் உதவ முடியாது.

வேறு யாரையெல்லாம் கேட்க வேண்டியிருக்கும்

எல்லோருக்கும் எல்லாம் தேவைப்படாது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டியில் காலி வீதிக்குக் கடல் பக்கம் என்றால் கரையோரம் பேணல் திணைக்களத்தைக் கேளுங்கள். சராசரி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப் பக்கம் 300 மீற்றர்வரை கரையோர வலயம், 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டப்படி. கால்வாய் ஓரம், தாழ்ந்த நிலம் என்றால் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனம். பழைய கட்டடம் ஒன்றை இடித்துக் கட்டுகிறீர்கள், அது பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் இருக்கலாம் என்று சந்தேகம் என்றால் தொல்பொருள் திணைக்களத்தையும் நகர அபிவிருத்தி அதிகார சபையையும் கேட்காமல் ஓடு கழற்ற வேண்டாம். உயர்ந்த கட்டடத்துக்குத் தீயணைப்புப் பிரிவு. மாநகர சபையின் கழிவுநீர்க் குழாய் உங்கள் ஒழுங்கையில் ஓடுகிறதா, இல்லை மலக்குழி தோண்ட வேண்டுமா என்பதைப் பொறியியல் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள். குழி என்றால் அது பிளானில் இருக்க வேண்டும், மரத்தின் வேருக்கு மேல் அதைக் கீறாமலும் இருக்க வேண்டும்.

கோப்பைக் கொடுத்த பிறகு

விண்ணப்பம், பிளான் பிரதிகள், நில அளவைப் படம், உறுதிப் பிரதி, வீதிக்கோட்டுச் சான்றிதழ், சோலை வரி நிலுவை இல்லை என்பதற்கான ரசீது ஆகியவற்றைக் கட்டணத்தோடு கொடுப்பீர்கள். நிலுவை இருந்தால் கோப்பு அங்கேயே நிற்கும். முந்தைய சொந்தக்காரர் விட்டுப் போன பாக்கியும் உங்கள் தலையில்தான் விழும் என்பதால் காணி எழுதும்போதே அதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றிலும் ஒரு பிரதி எடுத்து, கொடுத்த திகதியோடு முத்திரை குத்தி வாங்குங்கள்.

பிறகு தொழில்நுட்ப உத்தியோகத்தர், எல்லோரும் டீ.ஓ. என்பார்கள், காணிக்கு வருவார். நாடா பிடித்து ஒழுங்கையின் அகலத்தை அளப்பார், எல்லைக் கற்களைக் கேட்பார். கற்கள் மண்ணுக்குள் புதைந்திருந்தால் முதல் நாளே கிண்டி வெளியே தெரிய வையுங்கள். அவருடைய அறிக்கை திட்டமிடல் குழுவுக்குப் போகும். குழு அங்கீகரிக்கலாம், திருத்தம் கேட்கலாம், மறுக்கலாம். முதல் முறையில் திருத்தம் கேட்பது வழக்கமான விஷயம், பதற வேண்டாம். கேட்ட திருத்தம் என்ன என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேல் மாகாணத்தில் நிர்வாக மொழி பொதுவாகச் சிங்களம். ஆனால் தமிழில் எழுதிக் கொடுத்துத் தமிழில் பதில் பெறும் உரிமை அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயத்தில் இருக்கிறது. நடைமுறையில், தமிழ்க் கடிதம் மொழிபெயர்ப்புக்குப் போய்த் திரும்பும்வரை கோப்பு காத்திருக்கவும் கூடும். நான் சொல்வது இது: விண்ணப்பத்தை உங்களுக்கு வசதியான மொழியில் நிரப்புங்கள், ஆனால் உங்களுக்குப் புரியாத எந்தத் தாளிலும் கையொப்பம் வைக்காதீர்கள். தமிழ்ப் படிவத்தைக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. கோப்பு நகரவே இல்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம். தகவல் உத்தியோகத்தருக்கு ஒரு விண்ணப்பம் கொடுத்து, கோப்பு இப்போது யாரிடம் என்ன நிலையில் இருக்கிறது என்று கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். இதைத் தரகருக்குக் கொடுக்கும் காசோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அனுமதிப் பத்திரம் குறிப்பிட்ட காலத்துக்குத்தான் செல்லுபடியாகும். காசு முடிந்து வேலை நின்றுபோனால் காலாவதியாகும் முன் நீடிப்புக் கேட்டுவிடுங்கள்.

வேலை நடக்கும்போது மரம் சாகாமல் இருக்க

பிளானில் மரத்தைக் காப்பாற்றிவிட்டு, சைட்டில் கொன்றுவிடுவது சர்வசாதாரணம். பலா மரம் உடனே சாகாது. வீடு குடிபுகுந்து ஒரு வருடத்துக்குப் பிறகு நுனியிலிருந்து காய்ந்து வரும், அப்போது காரணம் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

வேலை தொடங்கும் முன் கிளை பரந்திருக்கும் அளவுக்கு, அது முடியாவிட்டால் முடிந்த அளவுக்கு, மரத்தைச் சுற்றிக் கம்பும் பழைய தகரமும் வைத்து அடைத்துவிடுங்கள். மேசன்மாருக்கு மரநிழல் என்றால் மணல் குவிக்க, சீமெந்து மூட்டை அடுக்க, கலவை குழைக்கத் தோதான இடம். கலவைச் சட்டி கழுவுகிற தண்ணீர் தினமும் வேரில் இறங்கினால் மண் காரமாகிவிடும். அதை ஊற்றுவதற்கு முன்பக்கத்தில் ஒரு குழி வெட்டிக் கொடுங்கள். அத்திவார மண்ணை அடிமரத்தைச் சுற்றிக் கொட்டி மேடாக்க விடாதீர்கள், பட்டை அழுகும்.

அத்திவாரக் கான் வெட்டும்போது மணிக்கட்டுத் தடிப்புக்கு மேற்பட்ட வேர் வந்தால் வேலையை நிறுத்தி பொறியியலாளரைக் கேளுங்கள். அந்தப் பக்கம் மட்டும் தொடர் அத்திவாரத்துக்குப் பதிலாகத் தூண் அத்திவாரம் போட்டு, வேருக்கு மேலால் பீம் கொண்டுபோகலாம். சின்ன வேர்களை மண்வெட்டியால் பிய்க்காமல் வாளால் அறுக்கச் சொல்லுங்கள். பெக்கோ மெஷின் வந்தால் அன்று நீங்களோ உங்கள் ஆளோ கட்டாயம் சைட்டில் நிற்க வேண்டும். கிளை வெட்டுகிற வேலையை மே மாதப் பருவமழைக்கு முன்னால் முடித்துவிடுவது நல்லது. காற்று வந்த பிறகு ஆள் பிடிப்பதே கஷ்டம்.

மழைநீர்த் தாங்கியை எங்கே புதைப்பது என்பதிலும் இதே கதைதான். பிளானில் காட்டிய இடத்தில் புதையுங்கள், மரத்தடி ஈரமாக இருக்கிறது என்று மேசன் சொல்லும் இடத்தில் வேண்டாம்.

சி.ஓ.சி.

வீடு முடிந்ததும் சபைக்கு அறிவித்து இணக்கச் சான்றிதழ் எடுக்க வேண்டும். கொழும்பில் எல்லோரும் சி.ஓ.சி. என்றுதான் சொல்வார்கள். அனுமதித்த பிளானும் எழும்பி நிற்கும் வீடும் ஒன்றாக இருக்கிறது என்பதற்கான தாள் அது. அது இல்லாமல் குடியிருப்பதே சட்டப்படி பிழை. வங்கிக் கடனுக்கும், பின்னால் விற்பதற்கும் இதைத்தான் முதலில் கேட்பார்கள். வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடு வாங்கியவர்களில் சி.ஓ.சி. இல்லாததால் உறுதி எழுத முடியாமல் வருடக்கணக்காக அலைகிறவர்களை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

டீ.ஓ. மறுபடி நாடாவோடு வருவார். பெரும்பாலும் மாட்டுவது மூன்று இடங்களில்: பின்வெளியில் தகரம் போட்டு அடைத்த குசினி, வாகனத் தரிப்பிடத்தை மறித்துக் கட்டிய கடையறை, பிளானில் இல்லாத பக்க யன்னல். அனுமதியில்லாமல் கட்டிய பகுதிக்கு அறிவித்தல் வந்தால் அலட்சியமாக இருக்காதீர்கள். அடுத்த படி நீதவான் நீதிமன்றம், அங்கிருந்து இடிக்கும் உத்தரவு. சின்ன மாற்றம் செய்ய விரும்பினால் கட்டும் முன் திருத்திய பிளானைக் கொடுத்து அனுமதி வாங்குங்கள். சி.ஓ.சி. கிடைத்த பிறகு பின்வெளியைக் கூரை போட்டு மூடலாம் என்று மேசன் யோசனை சொல்வார். அதற்கும் அனுமதி வேண்டும். கிடைக்கவும் கிடைக்காது, ஏனென்றால் அந்த ஏழரை அடியையும் திறந்த வெளியாகக் காட்டித்தான் உங்கள் 65 வீதக் கணக்கு போடப்பட்டிருக்கிறது.